மாத்திரை தின்ற பெயர்கள்

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்குக்கு ஒரே ஜன்னல். வெளியே நிற்கும் மெக்கானிக் பாதிப் பெயர் சொல்வதற்குள், உள்ளே இருக்கும் அக்கா பொருளை எடுத்து மேசையில் வைத்துவிடுவாள். அறுநூறு பெட்டிகள். ஒன்றிலும் சீட்டு ஒட்டியதில்லை. மண்டை இருக்கும்போது சீட்டு எதற்கு?

வலிப்புக்குப் புது மாத்திரை தொடங்கிய நாலாவது மாதம் அந்தத் திமிர் அடங்கியது. வலிப்பு ஒருமுறைகூட வரவில்லை. பெயர்களும் வரவில்லை. சொன்னது காதில் விழும். அது எது, எந்தப் பெட்டி என்று பிடிபடாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே மெக்கானிக்குகள் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுவந்து, "இந்த மாதிரிக்கா" என்று காட்டத் தொடங்கினார்கள். இரக்கம். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

மூளை மழுங்கிவிட்டது, இனி தேறாது என்று முடிவுகட்டினாள். துரத்துவதற்குள் நாமே போய்விடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளோடு உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் 'ஐயா' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"ஏய், வேலைய விடுறதுக்கு எழுதிக் குடுப்பாங்களே, அதுக்கு என்னடி பேரு?" என்று தங்கையைக் கேட்டாள்.

"ராஜினாமா."

"ஆங், அதேதான்."

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றது. "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவரு வலிப்பு வந்துச்சான்னு கேப்பாரு. இல்லன்னு சொல்வேன். அவ்ளோதான்."

"அடிப்பாவி! இத்தன நாளா அத மட்டுமா சொல்லிட்டு வந்த? நாளைக்குக் கிளம்பு."

மறுநாள் டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "மூளை எங்கயும் போகலம்மா. மாத்திரை பண்ற வேலை இது. சிலருக்கு இப்படி ஆகும். ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கேட்டிருக்கணும்," என்றார். அவர் மழுப்பாதது அவளுக்குப் பிடித்திருந்தது. "நீங்களா நிறுத்திடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா வேற மாத்திரைக்கு மாத்துவோம்."

"எல்லாம் திரும்பி வந்துருமா?"

"பெரும்பாலும் வந்துரும்."

அந்தப் 'பெரும்பாலும்' அவளைப் படுத்தியெடுத்தது. 'ஐயா' தாளைக் கிடங்கு மேசை இழுப்பறையில் போட்டுவைத்தாள். தேவைப்பட்டால் மிச்சத்தை எழுதிக்கொள்ளலாம்.

மாத்திரை மாற்றிய மூன்றாம் மாதம் ஒரு காலை. எல்லோரும் கட்டை என்று கூப்பிடும் குள்ள மெக்கானிக், ஜன்னலுக்குள் கிரீஸ் கையை நீட்டினான்.

"அக்கா, இந்த மாதிரி..."

"ஆயில் சீல். முன்சக்கரத்துது. வாயில என்ன கொழுக்கட்டையா, பேரச் சொல்லிக் கேக்க மாட்டியா? ஆமா, போன வாரம் கொண்டுபோன பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கடா?"

கட்டை பணிமனைப் பக்கம் திரும்பிக் கத்தினான்: "டேய், அக்கா திட்டுறாங்கடா! எடுத்ததையெல்லாம் ஒழுங்காத் திருப்பிக் குடுத்துருங்க!"

அவள் நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். புது ஆயில் சீலை 'ஐயா' தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.