நாலாவது கிளிப்

வளைவுக்கு வளைவு லொறியை நிறுத்தச் சொன்னால் எந்த டிரைவருக்குத்தான் கோபம் வராது? இருளப்பனுக்கும் வந்தது.

"மிஸ், நான் கோழிமுட்டை ஏத்திக்கிட்டுப் போனப்பகூட இப்படி நிப்பாட்டினதில்ல."

"முட்டையில ஏறி ஒருத்தரும் பறக்கிறதில்ல. நிப்பாட்டுங்க," என்றேன்.

லொறியில் இருந்தது எங்கள் பறப்புக் கழகத்தின் பயிற்சிக் கிளைடர், எஞ்சின் இல்லாத சின்ன விமானம். கண்டியில் பழுது பார்த்து, இரண்டு சிறகையும் கழற்றி, மெத்தை விரித்துக் கிடத்திப் பட்டியால் கட்டி, ஹுன்னஸ்கிரிய வழியாகக் கீழே மைதானத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே பூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியவள் நான். நான் வைத்தால் எங்கள் மாணவி ஜெயராணி அன்றைக்கு முதல்முறையாகத் தனியே பறப்பாள். கூடப் பயிற்றுநர் இருக்கமாட்டார். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் இறங்கிப்போய்ப் பட்டிகளை இழுத்துப் பார்த்தேன்.

ஒன்பதரைக்கு ஆறு பேர் சேர்ந்து சிறகுகளைத் தூக்கிப் பொருத்தினோம். சிறகுகளைப் பிடித்திருக்கும் பின்கள் நாலு. ஒவ்வொரு பின்னும் நழுவாமலிருக்க ஒரு கிளிப். தகரப் பெட்டியில் மூன்று கிளிப்தான் இருந்தது.

தேடாத இடமில்லை. கடைசியில் இருளப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"ஹுன்னஸ்கிரியவுல நீங்க முகம் கழுவப் போனப்ப, லொறிய மூடின படங்கு காத்துல அடிச்சிக்கிச்சு மிஸ். நல்ல கிளிப்பா கெடந்திச்சு, எடுத்து மாட்டிட்டேன்."

படங்கின் மூலையில் அது வளைந்து தொங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் பெட்டியைப் பூட்டாமல் போனவள் நானேதான்.

"அத நேராக்கிப் போடுங்கொ. இல்லாட்டி கம்பியால கட்டுங்கொ. புள்ளட ஆக்கள் நாவலப்பிட்டியில இருந்து வந்தீக்கி," என்றார் கழகத் தலைவர் ஹில்மி.

"ஏலா, ஹில்மி நானா. பறக்கிறப்ப அது முறிஞ்சா சிறகே கழண்டுடும்," என்றேன்.

"அப்ப நான் கையெழுத்து வெக்கிறன்."

இனிப் பேசிப் பிரயோசனமில்லை. சிறகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கிளிப் இல்லாத அந்தப் பின்னையே உருவி என் கைப்பையில் போட்டு மூடினேன்.

"இப்ப வெய்ங்கொ கையெழுத்த," என்றேன்.

இருளப்பன் புதுக் கிளிப் எடுத்துவரக் கண்டிக்குத் திரும்பினார். ஜெயராணிக்கு என்மேல் கோபம். அவளுடைய அம்மா எனக்குச் சோற்றுப் பார்சல் நீட்டியதும் மகள் எழுந்து அப்பால் போய்விட்டாள். எனக்கு வலித்தது. இருந்தாலும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

நாலரைக்கு லொறி வந்தது. பின்னைச் செருகிக் கிளிப்பை மாட்டினேன். வெளியே ஒருவர் சிறகின் அசையும் விளிம்பை அமுக்கிப் பிடிக்க, நான் உள்ளேயிருந்து ஓட்டும் தடியை ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. கையெழுத்து வைத்தேன்.

ஜெயராணி ஏறி உட்கார்ந்து பட்டியைப் பூட்டினாள்.

"வெளிச்சம் போகுது, கெதியா!" என்று ஹில்மி கத்தினார்.

அவள் கண்ணாடி மூடியில் வைத்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பட்டியைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

"பயமா?" என்றேன்.

"இல்லக்கா. நாலையும் நானே ஒருக்கா பாத்துக்கிறேன்."

ஒவ்வொரு கிளிப்பாக விரல் வைத்து இழுத்துப் பார்த்தாள். ஹில்மி மறுபடி கத்தினார். அவள் திரும்பவே இல்லை.

கையெழுத்து வைத்தபோதுகூட வராத நிம்மதி எனக்கு அப்போதுதான் வந்தது.