மகள் வேஷம்

எங்கள் நர்சிங் கல்லூரியில் அந்த மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடுத்தென்ன'. நோயாளியின் கதையை முழுசாகச் சொல்லமாட்டார். ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, "அடுத்து என்ன செய்வே?" என்பார். பதில் சொன்னால்தான் அடுத்த சீட்டு. தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார், நோயாளியைச் சாகடித்துவிடுவார்.

அன்றைய சீட்டில் ஐம்பது வயதுப் பெண். பித்தப்பை ஆபரேஷன் முடிந்த மறுநாள். காய்ச்சல் இல்லை, பிரஷர் பரவாயில்லை, நாடித்துடிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். அடுத்த சீட்டில் ஒரே வரி: 'அம்மா எப்பவும் போல இல்ல' என்கிறாள் மகள்.

என் அம்மா போனதும் இதே ஆபரேஷனுக்குப் பிறகுதான். அன்று வார்டில் இருந்த சிஸ்டரிடம் நான் சொன்னதும் இதேதான். இது அம்மாவின் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்று படிக்க வந்த பிறகு தெரிந்துகொண்டேன். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"நீ மகள், நீ நர்ஸ்" என்று என்னையும் வாயாடியையும் மேடம் எழுப்பிவிட்டார். வாயாடி என் அறைத்தோழி. அவளிடம்கூட அம்மா எப்படிப் போனாள் என்று நான் மூச்சு விட்டதில்லை.

"சிஸ்டர், அம்மா எப்பவும் போல இல்ல."

"ஆபரேஷன் ஆனா அப்படித்தாம்மா இருக்கும். போய் உக்காருங்க." இடுப்பில் கை வேறு. அச்சு அசலாக அந்த சிஸ்டர்.

அன்று நான் போய் உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவையாவது யாராவது காதில் வாங்க வேண்டும் என்றிருந்தது. வேறெதுவும் வேண்டாம்.

"இல்ல சிஸ்டர், ஒரு தடவை வந்து பாருங்க."

"சொந்தக்காரங்க எல்லாரும் இப்படித்தான் மேடம் நச்சரிப்பாங்க" என்றது பின்வரிசை.

"மகள் கொஞ்சம் பதறணும்மா" என்றார் மேடம். "மரக்கட்டை மாதிரி நின்னா யாரு நம்புவா?"

அன்றும் இப்படித்தான் நின்றேன்.

மேடம் வாயாடி பக்கம் திரும்பினார். "எப்பவும் போல இல்லங்கிறா. எப்பவும் எப்படின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"தெரிஞ்சவ எதிர்லயே நிக்கிறா. கேளு."

வாயாடி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "உங்க அம்மா எப்பவும் எப்படி இருப்பாங்க?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"திட்டிக்கிட்டே இருப்பாங்க. தலை வாரலைன்னா, சத்தமாப் பேசினா, சும்மா உக்காந்திருந்தா. இன்னிக்குக் காலையிலேருந்து ஒரு வார்த்தை திட்டல. மேல தண்ணியக் கொட்டிட்டேன். 'பரவாயில்லம்மா'ன்னாங்க."

ஓரிருவர் சிரித்தார்கள். வாயாடி சிரிக்கவில்லை.

"அடுத்து என்ன?" என்றார் மேடம்.

"நானே போய்ப் பாக்குறேன். டாக்டரை இப்பவே கூப்பிடுறேன்."

கடைசிச் சீட்டை மேடமே வாசித்தார். உள்ளே ரத்தக்கசிவு. நேரத்தோடு கண்டுபிடித்ததால் நோயாளி பிழைத்தார். வகுப்பே கைதட்டியது.

வாயாடி என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினாள். "உங்க அம்மா பொழச்சிட்டாங்கடி!"

"ம்" என்றேன்.