மூன்று மணிக்குள் ஒரு ரோலர் கோஸ்டர்

மூன்று மணிக்கு மேனேஜர் போன் செய்வார். இப்போது மணி ஒன்றேகால். இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு. இந்த நிலையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை நாற்காலியில் உட்காரவைத்து, "அமைதியா இருங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாளே, அந்தப் பெண்டாட்டியை என்ன சொல்வது? அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊன்றுகோலால் ஃபேன் சுவிட்சைத் தட்டினான், அணைத்தான், மறுபடியும் தட்டினான்.

"மாமா, அந்த ஃபேன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் கொழுந்தியாள்.

மருந்துக்கடை வேலைக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, அக்கா புருஷனுக்குக் காவலாக வந்தவள் அவள். துணிமணியைவிடப் பத்திரமாக அவள் கொண்டுவந்தது வீடியோ கேம் பெட்டியைத்தான். அந்த விளையாட்டில் வீடு கட்டலாம், குடித்தனம் நடத்தலாம், வேலைக்குப் போகலாம், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடலாம். நிஜத்தில் படுகிற அதே பாடுதான். அதை லீவு போட்டுவிட்டு வேறு படுகிறார்கள்!

மாமனின் புலம்பல் தாங்காமல் ஒரு கன்ட்ரோலரை அவன் கையில் திணித்தாள். மனுஷன் வீட்டை விட்டுவிட்டுக் கொல்லையில் ரோலர் கோஸ்டர் கட்ட ஆரம்பித்தான். ஐந்து நாளில் மூன்று ஏற்றம், ஒரு சுருள். இருவர் சேர்ந்து செய்கிற வேலை அது, ஒருவர் கீழே, ஒருவர் மேலே. கீழே இருக்கும் சிவப்புக் கைப்பிடியை இறக்கிப் பூட்டிவிட்டால், மேலே யார் எதை அழுத்தினாலும் வண்டி நகராது. "அட, நம்ம லிஃப்ட் மாதிரியே இருக்கே" என்று அதைப் பார்த்த அன்றே அவனுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று.

மேனேஜர் கேட்கப்போவது ஒரே கேள்வி. பதிலைப் பொறுத்து ஒல்லியின் வேலை போகும், இல்லாவிட்டால் இவன் வேலை போகும். ஒல்லி என்று இவன் கூப்பிடுகிறவன் லிஃப்ட் வேலையில் பதினோரு வருஷக் கூட்டாளி. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் சுவிட்சைப் பூட்ட வேண்டும். மேலே இருப்பவன் "பூட்டியாச்சா?" என்று கேட்க வேண்டும். "ஆச்சு" என்று பதில் வந்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். அன்றைக்கு இவன் குழிக்குள் இருக்கும்போதே லிஃப்ட் இறங்கிவிட்டது. மூலையில் ஒடுங்கியதால் உயிர் தப்பியது, கால் தப்பவில்லை.

சுவிட்சைப் பூட்ட மறந்தது உண்மை, அதை அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் ஒல்லி கேட்டிருந்தால் ஞாபகம் வந்திருக்காதா? கேட்கவே இல்லை என்பது இவன் கட்சி. கேட்டேன், "ஆச்சு" என்று பதிலும் வந்தது என்பது ஒல்லியின் கட்சி. கேட்காமல் மின்சாரம் கொடுத்தவனுக்கு அந்தக் கம்பெனியில் இடமில்லை. பூட்டாமலே "ஆச்சு" என்றவனுக்கும் இடமில்லை.

"நாக்கு மேல பல்லப் போட்டு எப்படிச் சொல்றான் பாரு, நான் பதில் சொன்னேனாம்" என்று காலையிலிருந்து நாலாவது தடவையாகப் பொருமினான்.

"விடுங்க மாமா. மூணாவது ஏத்தம் ஆடுது, அதப் பாருங்க."

அவன் தன்னைப் போலவே செய்துவைத்திருந்த ஆளைத் தண்டவாளத்துக்கு அடியில் அனுப்பினான். ஒரு கண் தூணில், ஒரு கண் கடிகாரத்தில். இரண்டு பத்து. மேனேஜர் முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டால்? ஒல்லி ஏற்கெனவே பேசி முடித்திருந்தால்? கொழுந்தியாள் என்னவோ கேட்டாள். அவன் தூணை ஒரு அடி நகர்த்தினான்.

தடதடவென்று வண்டி வந்தது. அடியில் நின்ற ஆள் எகிறிப் போய்ப் பூந்தொட்டியில் விழுந்தான்.

"ஏம்மா, ஆள் உள்ள நிக்கிறது தெரியல?" என்று கத்தினான்.

"பூட்டியாச்சான்னு கேட்டேனே. ஆச்சுன்னீங்க."

"நீ கேக்கவே இல்ல. நான் எங்க சொன்னேன்?"

"நல்லாருக்கே கதை. இப்பத்தான சொன்னீங்க?"

"சொல்லவே இல்லங்கிறேன்." கட்டுக்குள் கால் விண்விண் என்று தெறித்தது. ஊரே கூடி அவன் சொல்லாததைச் சொன்னதாகச் சாதிக்கிறதா என்ன? திரையில் அந்த ஆள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். அவனுக்கென்ன, எழுந்துவிடுவான். இவன் தூணை மறுபடி பிடித்தான்.

கொழுந்தியாள் தன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். பிறகு சாதாரணமாக, "மத்தியான மாத்திர போட்டாச்சா மாமா?" என்றாள்.

"ஆச்சு, ஆச்சு."

அவள் மேஜையைக் காட்டினாள். டம்ளர் நிறையத் தண்ணீர். பக்கத்தில் மாத்திரை, பிரிக்கப்படாமலே.

அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்தான். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை தன் வாயிலிருந்து விழுந்ததை அவன் காதால் கேட்டது அப்போதுதான். இப்படி எத்தனை குழிக்குள் நின்றுகொண்டு எத்தனை முறை சொல்லியிருப்பான்? பாவி, அந்த ஒல்லி ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நின்றானே. மூஞ்சியில் முழிக்காதே என்று விரட்டியடித்தோமே என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

போன் ஐந்து நிமிஷம் முன்னதாகவே அடித்தது.

"சுத்தி வளைக்காமக் கேக்கிறேன்" என்றார் மேனேஜர். "மின்சாரம் குடுக்கிறதுக்கு முன்னாடி அவன் உங்ககிட்டக் கேட்டானா, இல்லையா?"

இல்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? குழிக்குள் சாட்சியா இருந்தது? வேலை தங்கும், வீடு நடக்கும்.

"கேட்டிருப்பான் சார். நான் ஆச்சுன்னு சொல்லியிருப்பேன்."

"ஞாபகம் வந்துடுச்சா?"

"ஞாபகம் வரல. ஆனா சொல்லியிருப்பேன்."

மறுமுனையில் பேனாவை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. "இத நான் எழுதிக்கிட்டா உங்க வேலை நிக்காது. நல்லா யோசிச்சாச்சா?"

"ஆச்சு" என்ற பதில் நாக்கு நுனிவரை ஓடி வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான். சாயங்காலம் பெண்டாட்டி வந்து செருப்பைக் கழற்றும்போதே என்ன ஆச்சு என்று கேட்பாள். அவளுக்கு என்ன சொல்வது? ஒற்றைக் காலோடு இனி எங்கே போய் நிற்பது? பயமாகத்தான் இருந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். ஒரு நிமிஷம் குடுங்க, இன்னும் யோசிக்கல."

மேனேஜர் காத்திருந்தார். கொழுந்தியாளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தை அவன் முழுசாக எடுத்துக்கொண்டான்.

"எழுதிக்குங்க சார்" என்றான்.