கையால் தொடக்கூடாது

ஆண்டுக்கு ஒரு நாள் கொதிகலன்களை அணைத்துக் கழுவுவார்கள். அன்று உருக்காலையும் சாயப்பட்டறையும் சேர்ந்தே மூடிக் கிடக்கும். இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். காலையில் அவர் தம் வீட்டு மாடியில் நின்றபடி, கந்தல் அடைத்துத் தைத்த தோல்பந்து ஒன்றைத் தெருவில் வீசுவார். உருக்காலைக்காரர்கள் அதைச் சாயப்பட்டறைக் கதவில் கொண்டுபோய் மோத வேண்டும். சாயக்காரர்கள் உருக்காலைக் கதவில் மோத வேண்டும். ஆட்டத்தின் விதி அவ்வளவுதான். எத்தனை பேர் ஆடலாம், எங்கே அடிக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. கடைக்காரர்கள் முந்தின நாளே பலகை அடித்துக் கடையை மூடிவிடுவார்கள். எலும்பு கட்டுகிற வைத்தியர் மட்டும் கதவைத் திறந்து வைத்திருப்பார்.

உருக்காலை அணிக்கு, சம்மட்டி என்று ஊர் கூப்பிட்டவன்தான் தலை. பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்து நீட்டுகிற வேலை அவனுக்கு. அவன் முன்னால் போனால் கூட்டம் தானாகப் பிளக்கும் என்று சொல்வார்கள். தானாக ஒன்றும் பிளக்கவில்லை. அவன் முழங்கை பட்டவர்கள் விழுந்தார்கள், அதனால் வழி கிடைத்தது.

அந்த வருடம் பந்து வாய்க்கால் பாலத்தருகே சிக்கிக்கொண்டது. நாற்பது ஐம்பது பேர் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்துக்கொண்டிருந்தான். எவனோ மூச்சுத் திணறி, தரையைத் தட்டித் தட்டிக் கெஞ்சினான். சம்மட்டி இரண்டு பேரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து எறிந்தான். குவியலின் அடியில் பந்து தெரிந்தது. பந்தை இறுகப் பற்றியிருந்த ஒரு வலது கையும் தெரிந்தது. நகக்கண் வரை நீலம் ஏறிய சாயக்காரனின் கை. முகம் தெரியவில்லை. சம்மட்டி ஆணி அடித்த பூட்ஸ் காலைத் தூக்கி அந்தக் கைமேல் இறக்கினான். விரல்கள் விடவில்லை. மறுபடி இறக்கினான். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, மச்சான்!"

குரலை அவனுக்குத் தெரியும். தங்கையின் புருஷன். சாயப்பட்டறையில் துணி பிழிகிறவன், அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். சம்மட்டிக்குக் குரல் நன்றாகவே கேட்டது. ஆனாலும் பந்து விடுபட்டதும் அதை அள்ளி அடிவயிற்றில் அணைத்துக்கொண்டு ஓடினான். குறுக்கே வந்தவனின் தாடையைத் தோளால் பெயர்த்தான். சாயப்பட்டறைக் கதவில் பந்தை மோதினான். உருக்காலைக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். மாடியிலிருந்து முதலாளி கை தட்டினார்.

ஈரத் துணியைப் பிழிய இரண்டு கையும் வேண்டும். மாப்பிள்ளைக்கு வலது கையில் பெருவிரலும் அதை ஒட்டிய ஒரு விரலும்தான் மிஞ்சின, அவையும் மடங்கவில்லை. ஒரே வாரத்தில் சாயப்பட்டறையில் அவனை நிறுத்திவிட்டார்கள்.

தங்கை உருக்காலைக்கே வந்தாள். மதிய இடைவேளை. எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பந்து எங்கண்ணே?"

"தெரியாமப் பண்ணிட்டேன்மா. முகம் தெரியல."

"குரலுமா கேக்கல?"

அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவன் கையிலிருந்த பாத்திரம் உருண்டு சோறு கரித்தூளில் கொட்டியது. அத்தனை பேர் முன்னால் அடி வாங்கிய அண்ணன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"அவரு சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுறேன். அதைப் பார்க்க ஒருநாளு வீட்டுப் பக்கம் வா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவள் அடித்தது ஓர் அறை. மாப்பிள்ளையின் அண்ணன் நெட்டையன் அத்தோடு விடுகிற ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து சம்மட்டி வெளியே வரும்போது, சாயக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி. அப்படி முறுக்கினால் துணி தடியைவிட மோசம். மேல் தோலில் அடையாளம் அவ்வளவாக இருக்காது, உள்ளே சதை கூழாகிவிடும். முதல் அடி பிடரியில் விழுந்தது. இரண்டாவது கண்ணில் பட்டது. சம்மட்டி கண்மண் தெரியாமல் கையை வீசினான். எவனுடைய பற்களோ அவன் முட்டியில் பதிந்தன. கீழே விழுந்த பிறகும் நெட்டையன் நிறுத்தவில்லை.

"கையை நீட்டுடா! என் தம்பி நீட்டின மாதிரி நீட்டு!"

கையை மட்டும் சம்மட்டி நீட்டவில்லை. இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் வைத்து அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். முதுகை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். கை போனால் சோறு போச்சு என்பது அவனுக்கு அப்போதுதான் உடம்பில் உறைத்தது. மாப்பிள்ளையின் முகம் கண் முன்னால் வந்தது. அடியைவிட அது வலித்தது.

உடைந்த விலா எலும்பு கூடி அவன் வேலைக்குத் திரும்பியபோது ஊரில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு வேலையை முடிக்க வேண்டும் என்று தொழிலாளர் சங்கம் கேட்டது. ஆண்டுக்கு ஒரு நாள் ஓய்வு போதாது, வாரத்துக்கு அரை நாள் வேண்டும். முதலாளி சிரித்தாராம். "ரெண்டு தெருவும் முதல்ல ஒரே பக்கமா நிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றாராம்.

நின்றார்கள். முழு மனதோடு இல்லை. வேலையை நிறுத்தி ஆலைக் கதவை மறித்து நின்ற வரிசையில் சம்மட்டிக்கும் நெட்டையனுக்கும் நடுவே நாலு ஆள் விட்டுத்தான் நிற்க வைத்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. வெளியூரிலிருந்து முதலாளி இறக்கிய ஆட்கள் கழிகளோடு வந்தார்கள். அன்று நெட்டையனைச் சம்மட்டி காப்பாற்றினான் என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவரவர் அடி வாங்கவே நேரம் போதவில்லை. சம்மட்டியின் மண்டை பிளந்தது. நெட்டையனின் தோள்பட்டை இறங்கியது. சாயம் காய்ச்சுகிற ஒரு கிழவர் அடிபட்ட இடத்திலேயே செத்துப்போனார். அவர் உடலை இரண்டு தெருக்காரர்களும் மாறி மாறிச் சுமந்தார்கள். அதற்குப் பிறகு எவனும் உள்ளே போகவில்லை. உலைகள் ஆறிக் கிடந்தன. கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். சனிக்கிழமை மதியம் சங்கு ஊதியது.

கிடைத்த முதல் சனிக்கிழமையில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எவனோ ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான், இரண்டு தெருவும் பழையபடி பாய்ந்தன. பொழுது சாய்வதற்குள் ஒருவனுக்கு முழங்கால் போயிற்று, இன்னொருவனுக்குக் கண் போயிற்று. மறுநாள் பாதி இயந்திரங்களுக்கு ஆள் இல்லை. முதலாளி சங்கத் தலைவரைக் கூப்பிட்டனுப்பினார். "இதுக்குத்தான் அரை நாள் கேட்டீங்களா? வேணும்னா திருப்பி எடுத்துக்கறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே சங்கக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தலைவர் சுற்றி வளைக்கவில்லை.

"வருஷத்துக்கு ஒருநாள் எலும்பை உடைச்சுக்கிட்டோம், தாங்குச்சு. வாராவாரம் உடைச்சா எவன் வேலைக்குப் போறது? ஒண்ணு ஆட்டத்தை விடணும். இல்லே, அதுக்கு ஒரு வரைமுறை வைக்கணும்."

ஆளாளுக்குப் பேசினார்கள். பக்கத்துக்குப் பதினைந்து பேர் போதும் என்றான் ஒருவன். பூட்ஸில் ஆணி கூடாது என்றான் இன்னொருவன். தெரு வேண்டாம், செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கிற மேட்டைச் சமப்படுத்திக் கயிறு கட்டி, கதவுகளுக்குப் பதிலாக இரண்டு முனையிலும் கம்பங்கள் நடலாம் என்றார்கள். அடிக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னதும் கொட்டகையே சிரித்தது. எது அடி, எது தள்ளு என்று பிரிப்பது யார்? அந்தச் சிரிப்பு அடங்குமுன் பெண்கள் பக்கத்திலிருந்து தங்கை எழுந்தாள்.

"கையே வேணாம்" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"பந்தைக் கையால தொடவே கூடாதுன்னு வைங்க. காலால ஆடுங்க. கையில பந்து இருந்தாத்தானே அந்தக் கையை மிதிப்பீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வலது கையைத் தோளில் கிடந்த துண்டுக்குள் இழுத்துக்கொண்டான். சம்மட்டி அதைப் பார்த்தான். முதலில் கை தூக்கியவன் அவன்தான். அடுத்தது நெட்டையன்.

நடுவர் யார் என்று கேட்டபோது தலைவர் யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளை பிறந்தது சாயத்தெருவில், பெண் எடுத்தது உருக்காலைத் தெருவில். இரண்டு பக்கமும் அவனைக் கைநீட்டி அடிக்கக் கூசும். தொழிற்சாலைக் காவலாளியின் பழைய விசில் ஒன்றை அவன் கழுத்தில் மாட்டினார்கள்.

ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வந்து கயிற்றைச் சுற்றி நின்றது. தொடங்கியதுமே சம்மட்டிக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடம் கையை நம்பி வாழ்ந்தவன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையின் ஓரத்தை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டான். குள்ளமான சாயக்காரப் பையன்கள் அவன் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஜனம் சிரித்தது. தன்னைப் பார்த்து ஊர் சிரித்து அவன் கேட்டதே இல்லை.

நெட்டையன் அவனை விட்டு நகரவில்லை. பந்து வரும்போதெல்லாம் பந்தை விட்டுவிட்டுக் கணுக்காலில் உதைத்தான். விசில் ஊதியது. நெட்டையன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான், தெரியாமல் பட்டுவிட்டதாம். மறுபடி உதைத்தான். சம்மட்டியின் முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். பட்ட கடன்தானே, அடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது நெட்டையன் காதருகே வந்து சொன்னான்: "நீ தோள்ல ஊர்வலம் போனியே, அன்னிக்கு உன் தங்கச்சி அவன் அறுந்துபோன விரலை வாய்க்கால்ல தேடிக்கிட்டிருந்தா. தெரியுமா?"

தெரியாது. அதுவரை யாரும் அவனிடம் சொல்லவில்லை. சட்டையை விட்ட கை எப்போது முட்டியாக மடங்கியது என்றும் தெரியாது. நெட்டையனின் மூக்கு அப்பளமாக நொறுங்கியது. அவன் மல்லாக்க விழுந்து ரத்தத்தைக் கொப்பளித்தான். சம்மட்டி அவன் மார்பில் முழங்காலை ஊன்றி இன்னொரு முறை கையை ஓங்கினான்.

விசில் நீளமாக ஊதியது. மாப்பிள்ளை ஓடிவந்து பக்கத்தில் நின்றான்.

"வெளிய போங்க மச்சான்."

"அவன் என்ன சொன்னான்னு கேட்டியா?"

"கேக்கல. நீங்க அடிச்சதைப் பார்த்தேன். வெளிய போங்க."

சம்மட்டி எழுந்து அவனெதிரே நின்றான். முட்டி இன்னும் விரியவில்லை. மாப்பிள்ளை அவன் மார்பளவுதான் இருப்பான். ஆனாலும் ஓரடி பின்வாங்கவில்லை. "போகாதே அண்ணே!" என்று உருக்காலைப் பக்கம் கத்தியது. சாயத்தெரு ஆட்கள் கயிற்றைப் பிடித்துத் தாண்டத் தயாராக நின்றார்கள். நின்ற இடத்திலேயே சம்மட்டி நின்றிருந்தால் போதும், ஆட்டம் அத்தோடு ஒழிந்திருக்கும். அது அவனுக்கும் தெரிந்தது.

அவன் திரும்பி நடந்தான். கயிற்றைத் தாண்டும்போது உருக்காலையில் கரி அள்ளுகிறவன் ஒருவன் இரும்புக் கம்பியோடு உள்ளே பாய்ந்தான். சம்மட்டி அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தரையில் அறைந்தான். கம்பியைப் பிடுங்கி வாய்க்கால் பக்கம் வீசினான்.

"எவனாவது உள்ள போனீங்க, கொன்னுடுவேன்! அவரு வெளிய போன்னா போகணும்!"

ஒருவனும் அசையவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. தான் இல்லாமல் ஒரு ஆட்டம் நடப்பதை முதன்முறையாகச் சம்மட்டி வெளியே நின்று பார்த்தான். ஒரு ஆள் குறைந்த உருக்காலை அணி மூச்சிரைக்க ஓடியது. மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு நெட்டையன் வாயால் மூச்சுவிட்டபடி ஆடினான். சாயத்தெரு ஒல்லிப் பையன் ஒருவன் மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்க் கம்பங்களுக்கு நடுவே பந்தைத் தட்டினான். யாரையும் இடிக்காமல் அப்படிப் போக முடியும் என்பது சம்மட்டிக்கு நம்பக் கூடியதாக இல்லை. ஆத்திரமும் வந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. உருக்காலை தோற்றது.

கூட்டம் கலைந்தபோது நெட்டையன் அவன் எதிரே வந்து நின்றான். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அடுத்த சனிக்கிழமை வருவியாடா?"

"மாப்பிள்ளையைத்தான் கேக்கணும்."

விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. "ரெண்டு வாரம் கிடையாது" என்றான். பிறகு, இடது கையால் பொத்தானைத் துழாவியபடி, "வீட்டுக்கு வாங்க மச்சான், காலைக் கழுவி மருந்து போடணும்" என்றான்.

தங்கை ஏற்கெனவே முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள். சம்மட்டி நொண்டிக்கொண்டே அவர்கள் பின்னால் போனான்.