சட்டையில் வந்தவன்

வெள்ளைக்காரனுக்குக் குவன் உண்டா இல்லையா என்று ஊர் மூன்று நாள் வாதாடியது. அந்த மூன்று நாளும் எமில் நகரத்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான்.

குவன் என்பது ஆளுக்குள் இருக்கும் இன்னொரு ஆள். கீழே விழுந்தாலோ, நெஞ்சு பதறும்படி பயந்தாலோ உடம்பை விட்டு இறங்கிவிடும். இறங்கிய இடத்திலேயே திக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். யாராவது போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மீன் அள்ளும் மூங்கில் வலையில் அதை அள்ளி, உரியவனின் சட்டையில் சுருட்டிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நொங் தேங் கிராமத்தில் மாமரத்திலிருந்து விழுந்தாலும் எருமை முட்டினாலும் இதுதான் முதல் வைத்தியம். டாக்டரெல்லாம் அப்புறம்.

ஊர்த் தலைவர் சவாய்தான் முட்டுக்கட்டை போட்டார்.

"அவங்க ஊர்ல இதெல்லாம் கிடையாது. இல்லாத ஒண்ணை எங்க போய் அள்ளுவீங்க? போலீஸ்காரன் ரோட்டுல கோடு போட்டு வச்சிருக்கான். அதுக்கு நடுவுல நீங்க வலையோட போய் நின்னா, நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேப்பான்."

பக்கத்து வீட்டு பிம்பாவுக்கு வாய் நீளம். "எருமைக்குக் குவன் இருக்கு. நெல்லுக்கு இருக்கு. போன மாசம் உங்க புது வண்டிக்கு நூல் கட்டி, வாழைப்பழம் வச்சுக் கும்பிட்டீங்களே தலைவரே, அந்தத் தகரத்துக்கு இருக்கறது அந்தப் பிள்ளைக்கு இருக்காதா?"

தலைவர் பேச்சை மாற்றினார்.

இந்த வாதம் எதிலும் லம்துவன், ஊருக்கு வெறும் துவன், கலந்துகொள்ளவில்லை. எமில் தங்கியிருந்தது அவள் வீட்டில். விருந்தாளிகளை வீடு வீடாக முறை வைத்து அனுப்புவது தலைவரின் வேலை. இந்த முறை துவனுக்கு விழுந்தது. இரண்டு நாள் தங்குவதாக வந்தவன் பதினோரு நாள் இருந்தான். புருஷன் தைவானில் கம்பி கட்டும் வேலைக்குப் போய், மகளும் பாங்காக்குக்குப் போய்விட்ட வீட்டில் ஒரு குரல் கேட்பது அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து வயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். மத்தியானம் தூளியில் கிடந்து அதே வயலைப் பார்ப்பான். ஊருக்கு இது பெரிய சிரிப்பு. அவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து ஒன்றுமில்லாததைப் பார்ப்பவனை அவர்கள் முன்பின் கண்டதில்லை. சிவப்பெறும்பு முட்டையை வைத்தால் சாப்பிட்டான், காரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கேட்டான். மூன்றாம் நாளே அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். எமில் என்பதில் பாதியை விழுங்கிவிட்டு ஊர் அவனை மில் என்றது.

பதினோராம் நாள் சாயங்காலம் ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைகையில் சொன்னான். துவன்தான் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

முதல் இரண்டு நாளும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் குழாய்களோடு படுத்திருந்தவனை ஒரு நாளைக்கு இருமுறை பார்க்க விட்டார்கள். உடம்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் விழிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர். ஏன் என்று துவனுக்குத் தெரியும். டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் நுன்னிடமிருந்து தலைவருக்குப் போன் வந்தது, அவர் அதை வீட்டில் இருந்த துவனிடம் வந்து சொன்னார். எமிலின் தாய் டென்மார்க்கிலிருந்து வந்துவிட்டாள். தனி விமானம் ஏற்பாடாகியிருக்கிறது. மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்புகிறது.

துவன் எழுந்து அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த மூங்கில் வலையை எடுத்தாள்.

"தலைவரே, வண்டியை எடுங்க."

"துவன், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க சொன்னதை மூணு நாள் கேட்டாச்சு. அவனை இங்க விட்டுட்டு வெறும் உடம்பைத் தூக்கிட்டுப் போகப் போறாங்க. எடுங்க வண்டியை."

தலைவர் அவள் முகத்தைப் பார்த்தார். சாவியைத் தேடினார்.

அவித்த முட்டை ஒன்று, உருட்டிய ஒட்டரிசிச் சோறு, வாழைப்பழம், வெள்ளை நூல், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய நீலச் சட்டை எல்லாம் வலைக்குள் போயின. கோழிகளைப் பார்த்துக்கொள்ள பிம்பா வீட்டிலேயே நின்றாள்.

பாலத்துத் திருப்பத்தில் போலீஸ் போட்ட கோடு பாதி அழிந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. தலைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, வருகிற லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். வேண்டாம் என்றவர்தான், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஒழுங்காகச் செய்வார்.

துவன் தரையோடு தரையாக வலையை இழுத்தாள், தண்ணீரில் இழுப்பது போலவே.

"வா மில்லு. வா குவனே, வா. வாய்க்கால்ல கிடக்காதே, முள்ளுக்குள்ள கிடக்காதே. நாய் போயிடுச்சு, பயப்படாதே. முட்டை இருக்கு, சோறு இருக்கு. உன் சட்டை இருக்கு பாரு, துவைச்சு வச்சிருக்கேன். அம்மா வந்திருக்கேன்டா, வா."

மூன்று முறை இழுத்தாள். மூன்றாவது தடவை காற்றே இல்லாமல் சட்டையின் கை ஒன்று மடங்கி உள்ளே விழுந்தது. தலைவர் அதைப் பார்த்தார். லாரிக்குக் காட்டிய கையைக் கீழே இறக்கவே மறந்துவிட்டார்.

"இருந்திருக்கான்," என்றார், மெல்ல.

துவன் சட்டையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். வழியெல்லாம் அதோடு பேசிக்கொண்டே வந்தாள். இது பெரிய ரோடு, இது கரும்பு ஆலை, இன்னும் கொஞ்ச தூரம்தான். நெஞ்சிலிருந்து மூன்று நாள் பாரம் இறங்கியது அவளுக்கு. கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், அவன் கண் திறந்துவிடுவான் என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. பின்கதவு திறந்திருந்தது. எமிலை ஏற்கெனவே உள்ளே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் உடுப்புப் போட்ட வெளிநாட்டு ஆட்கள் இருவர் குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். துவன் நேராகப் போய் ஏறப் பார்த்தாள். ஒருவன் கையை நீட்டித் தடுத்தான், கோபமில்லாமல், கண்டிப்பாக.

நர்ஸ் நுன் ஓடி வந்தாள். "அத்தை, கிட்டப் போகக் கூடாது. அவங்க பொறுப்புல போயாச்சு. வெளிப்பொருள் எதுவும் உள்ள வைக்க மாட்டாங்க."

"வெளிப்பொருள் இல்லை பாப்பா. அவனுக்குள்ள இருந்ததுதான். இதை அவன் நெஞ்சுல வச்சு, கையில ஒரு நூல் கட்டணும். ரெண்டே நிமிஷம்."

நுன்னும் கிராமத்துப் பெண்தான். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து, அவளையும் வலை போட்டுத்தான் அள்ளியிருந்தார்கள். சட்டையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவங்க அம்மா அதோ நிக்கறாங்க. அவங்க சொன்னா கேப்பாங்க. வாங்க."

தாய் உயரமாக, தூங்காத கண்களோடு நின்றாள். அதே மூக்கு, அதே நெற்றி. துவன் கைகூப்பினாள். அவளும் தடுமாறிக் கைகூப்பினாள். நுன் பேசத் தொடங்கி நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள், உதட்டைக் கடித்தாள்.

"என்ன பாப்பா?"

"அத்தை, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல ஊசி இருக்கு, ரத்த அழுத்தம் இருக்கு, வலிக்குதான்னு கேக்கலாம். குவனுக்கு நான் எங்க போவேன்?"

"ஏதாவது சொல்லு. அவன் இதுக்குள்ள இருக்கான்னு சொல்லு."

நுன் சொன்னாள். என்ன சொன்னாளோ, தாயின் முகம் அப்படியே உடைந்தது. அவள் துவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் சட்டை நசுங்கியது. துவனுக்கும் அழுகை முட்டியது. ஆனால் மனசுக்குள் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நூலை எடுத்துக் காட்டி, ஆம்புலன்ஸ் பக்கம் கையை நீட்டினாள். தாய் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டுத் தன் மணிக்கட்டை நீட்டினாள்.

நீட்டிய கையை எப்படித் தள்ளுவது? துவன் கட்டினாள். கட்டி முடித்ததும் சட்டையை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தாள்.

தாய் அதை வாங்கி, முகத்தைப் புதைத்து, வெகுநேரம் முகர்ந்தாள். துவனுக்கு உயிர் வந்தது. பிறகு அந்த அம்மாள் சட்டையை அழகாக மடித்தாள். துவனின் கையைப் பிடித்து, அதன்மேல் சட்டையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். என்னமோ சொன்னாள்.

"நீங்களே வச்சுக்கணுமாம்," என்றாள் நுன். "உங்க வீட்டுல சந்தோஷமா இருக்கேன்னு போன்ல சொல்லியிருக்கான். அவன் ஞாபகமா உங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்றாங்க."

"வேண்டாம்னு சொல்லு! கொண்டு போகச் சொல்லு!"

"சொல்றேன் அத்தை, இருங்க..."

அதற்குள் மஞ்சள் உடுப்புக்காரன் மணியைக் காட்டினான். பெற்றவளை ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள். துவன் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளேயிருந்து அந்த அம்மாள் கையசைத்தாள். நூல் கட்டிய கை.

"விடாதீங்க தலைவரே, பின்னாலேயே போங்க!"

தலைவர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக வண்டியை எண்பதில் ஓட்டினார். முதல் சிக்னலில் பச்சை. இரண்டாவதில் ஆம்புலன்ஸ் சிவப்பைத் தாண்டிப் போனது. தலைவர் பிரேக் போட்டார். பலகையில் தொண்ணூறு, எண்பத்தொன்பது என்று எண்கள் இறங்கத் தொடங்கின. குறுக்கே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் என்ன செய்வார், பாவம். அறுபது வருவதற்குள் சைரன் சத்தமும் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் அவர்களை வாசலைக் கூடத் தாண்ட விடவில்லை. சங்கிலிக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். சின்னதாக, வெள்ளையாக ஒரு விமானம் ஏறிப் போனது. அதுதானா என்று கூட நிச்சயமில்லை.

திரும்பும் வழியில் தலைவர் யோசனைகளாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மனிதருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"புத்தர் கோயில்ல விட்டுடலாமா? பெரிய குரு பாத்துக்குவார்."

"கோயில் வாசல்ல விட்டுட்டு வர்றதுக்கு அவன் என்ன நாய்க்குட்டியா?"

"சரி, தபால்ல அனுப்பலாம். நுன்னைக் கேட்டா விலாசம்..."

"அப்பவே போன்ல கேட்டேன். நோயாளி விலாசம் தரக் கூடாதாம். அவளுக்கு வேலை போயிடும்." அவள் சட்டையைத் தடவினாள். "தந்தாலும் எப்படி அனுப்புவீங்க? மூட்டையோட மூட்டையா, இருட்டுல? பயந்து இறங்கினவன் தலைவரே. வழியில மறுபடி எங்கயாவது இறங்கிட்டா?"

கொஞ்ச தூரம் போனபின் தலைவர் கேட்டார். "பேசாம, போடான்னு சொல்லிப் பாரேன். உங்க அம்மா பின்னாலேயே போன்னு."

துவன் சொல்லிப் பார்த்தாள். முதலில் கெஞ்சலாக, பிறகு அதட்டலாக. ஆனால் அதற்கென்று ஒரு வார்த்தைகூட அவளுக்குப் பழக்கமில்லை. கூப்பிடுவதற்கு ஆயிரம் வரி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வா, வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். போ என்று சொல்ல யாருக்கும் தேவைப்பட்டதே இல்லை.

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பிம்பா மரப்படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். சட்டையை ஏந்திக்கொண்டு துவன் முற்றத்தில் நடந்து வருவதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். குவனோடு வருகிறவர்களைப் படியில் நின்று ஒருத்தர் கேட்க வேண்டும். கேட்டு, பதில் வந்தால்தான் அது வீடேறும். பதில் வராவிட்டால் தெருவிலேயே நின்றுவிடும், அப்புறம் எந்த வலைக்கும் அகப்படாது. நாற்பது வருஷப் பழக்கம். பிம்பாவின் வாய் அவளைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை.

"வந்துட்டானா?"

தலைவர் வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். துவன் கீழ்ப்படியில் நின்றாள். ஆமாம் என்றால் அவன் இந்த வீட்டுக்காரன், டென்மார்க்கில் அந்த உடம்பு விழிக்கப்போவதில்லை. இல்லை என்றால் அவன் எந்த வீட்டுக்கும் இல்லை.

பிம்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ துவன்... பாவி நான், எதுக்குக் கேட்டேன்..."

"கேட்டுட்டீங்கக்கா," என்றாள் துவன். "தெருவுல எப்படி விடறது? அவனுக்கு இங்க வேற யாரைத் தெரியும்?"

பிறகு, வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"வந்துட்டான்."

சொல்லிவிட்டுப் படியேறி, மகளின் அறையைத் திறந்து, அவனுக்குப் பாயை விரித்தாள்.