அண்ணி வந்த அத்தியாயம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்குப் புத்தகம் எழுதும் ஆசை வந்தால் யார் தடுப்பது? 'பயமில்லாமல் கார் ஓட்டுங்கள்' என்று தலைப்பு வைத்து, கிளட்ச், கியர், கண்ணாடி என்று எழுதித் தள்ளினாள். படித்துப் பார்த்த பதிப்பாசிரியர் முகத்தைச் சுளித்தார்.

"வெறும் அறிவுரையா இருந்தா யாரு படிப்பாங்கம்மா? ஒவ்வொரு அத்தியாயமும் நெசமா நடந்த சம்பவத்தோட ஆரம்பிக்கணும். பேரை மாத்திடுங்க. சம்பந்தப்பட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

பேரை மாற்றினாள். கேட்பதை மட்டும் வசதியாக மறந்துபோனாள். அறிவுரை சொல்லியே பிழைப்பவர்களுக்கு அடுத்தவர் அறிவுரை பாதிதான் காதில் ஏறும்.

'பயம்' என்ற அத்தியாயத்துக்கு அண்ணி கிடைத்தாள். அண்ணன் காலமான பிறகு, வீட்டில் சும்மா நின்ற அவனுடைய காரை ஓட்டியே தீருவேன் என்று தலை நரைத்தபின் பயிற்சிக்கு வந்தவள். சாவியைத் திருப்புமுன் ஒவ்வொரு தடவையும் "போலாமாங்க?" என்று முணுமுணுப்பாள். ஒருநாள் சிக்னலில் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கவும், கதவைத் திறந்து இறங்கி வீட்டைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டாள். இதை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? அண்ணியை வங்கி அதிகாரியாக்கி, 'காரிடமே அனுமதி கேட்கும் அதிகாரியம்மா' என்று நக்கலும் சேர்த்து எழுதினாள்.

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க வந்த பிரதி, பயிற்சிப் பள்ளியின் மேஜையில் கிடந்தது. காத்திருந்த மாணவி ஒருத்தி அதை உரக்கப் படிக்க, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாடத்துக்கு வந்த அண்ணி வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுதியவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பயிற்சிக் காரில் ஏறியதும் மென்று விழுங்கினாள். "அண்ணி, அது வந்து... உங்கள மனசுல வச்சு இல்ல..."

"பேங்க்ல எனக்கு நல்ல சம்பளமா?" என்றபடி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள் அண்ணி. "எறங்கி நடந்ததப் போட்டியே, அது பரவால்ல. நடந்ததுதானே. ஆனா நான் கார்கிட்டயா கேட்டேன்? நீ பின் சீட்டுல உக்காந்து எத்தன வருஷம் பாத்திருக்க."

பார்த்துத்தான் இருக்கிறாள். குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் அண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருப்பான். எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையிலிருந்து அண்ணி "போலாமாங்க?" என்று கேட்ட பிறகுதான் கார் நகரும். கூடப் பிறந்தவளுக்கு அது எப்படி மறந்தது? நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக இப்படி எழுதிவிட்டோமே என்று வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அங்கேயே பதிப்பாசிரியருக்குப் போன் போட்டாள். "பயம் அத்தியாயத்தோட ஆரம்பத்த எடுத்துடுங்க சார்."

"புத்தகத்துலயே அதுதாம்மா நல்ல எடம். அவங்ககிட்ட கேட்டீங்கதானே?"

"கேக்கல," என்றாள், அண்ணியின் காதில் விழும்படி.

அண்ணி கண்ணாடியைச் சரிசெய்தாள். சாவியைத் திருப்பினாள். 'போலாமாங்க?' என்று உதடு அசையவே இல்லை. கிளட்சை விட்டதும் கார் முதல்முறையாகக் குலுங்காமல், அணைந்துபோகாமல் நகர்ந்தது. கற்றுக்கொடுப்பவளின் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. கால் அதன்மேல் இருந்தும், எதை நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை.