பதினோரு பெண்களுக்கு ஒரு பெயர்

நர்ஸம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று பேரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தெருச் சங்கத் தலைவர், தையல்காரர், மருந்துக்கடைக்காரர்.

கணவர் இறந்து ஐந்து வாரம். இன்றுதான் அவள் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாள்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது நர்ஸம்மா," தலைவர் தொண்டையைச் செருமினார். "உங்க பேரு விஷயம்."

விஷயம் இதுதான். பதினாறு வருடம் முன்பு, அழாமல் பிறந்து டாக்டரே கைவிரித்த தையல்காரரின் பெண் குழந்தையைத் தட்டி அழவைத்தவள் நர்ஸம்மா. நன்றிக்கு அவள் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். ராசியான பெயர் என்று பேச்சு கிளம்ப, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. இப்போது முச்சந்தியில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பதினோரு சன்னல் திறக்கும்.

"புருஷனை இழந்தவங்க பேரு," தையல்காரர் தரையைப் பார்த்தார். "நாளைக்குப் பொண்ணுங்களுக்குக் கல்யாணம்னு வந்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"சரி, மாத்திடுங்க."

"எப்படிங்க?" மருந்துக்கடைக்காரர் பதறினார். "பதினோரு பொண்ணு, பதினோரு சர்டிபிகேட்! நீங்க ஒருத்தர் மாத்திக்கிட்டா வேலை முடிஞ்சுது."

கணவர் கடைசி மூச்சிலும் கூப்பிட்ட பெயர் அது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என்ன பேரு வெச்சுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் உற்சாகமாக ஒன்றைச் சொன்னார்.

"யோவ், அது என் பொண்டாட்டி பேரு!" தையல்காரர் பாய்ந்தார். பதிலுக்கு அவர் ஒன்றை எடுத்துவிட்டார்.

"எங்கம்மா உனக்கு என்னய்யா பாவம் பண்ணாங்க?" மருந்துக்கடைக்காரர் எகிறினார்.

தலைவர் கண்ணை மூடி யோசித்து ஒன்று சொன்னார். சொன்ன கையோடு, அது தன் மருமகள் பெயர் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு விதவைக்குக் கொடுக்க அந்தத் தெருவில் ஒரு பெயர்கூட மிச்சமில்லை.

"அப்போ உங்க பேரைக் குடுங்க தலைவரே."

"எ... என் பேரா?"

"உங்க வீட்டம்மா தவறிப்போய் ரெண்டு வருஷமாச்சு. போன மாசம் பொறந்த பேரனுக்கு உங்க பேரைத்தானே வெச்சீங்க? அந்தப் பேருக்கு ஒண்ணும் ஆகலையே. நல்ல கெட்டிப் பேரு."

தையல்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இருமலாக்கி விழுங்கினார்.

"எழுந்திருங்க, வீட்டைப் பூட்டணும். பிரசவ வார்டுல ரெண்டு பேர் வலியில இருக்காங்க."

வாசலில் செருப்பைத் துழாவிக்கொண்டே தலைவர் முணுமுணுத்தார். "ஆம்பளை பேரும் பொம்பளை பேரும் ஒண்ணாகுமா?"

நர்ஸம்மா சாவியைத் திருகினாள்.

"பொறக்கறப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான் அழுவுது தலைவரே. வித்தியாசமெல்லாம் நீங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்புறம்தான் ஆரம்பிக்குது."